இரண்டு குழாய் ரத்தம், ஒரு குழாய் எச்சில், அக்காவின் போன் நம்பர்: ஆராய்ச்சிக்கு சாம்பிள் கொடுக்கப் போகிறவர்கள் படிக்கவும்

நேற்று சாயங்காலம் வந்த மெயிலைப் படித்ததிலிருந்து தூக்கம் இல்லை. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் வழக்கம்போல "போகட்டும் விடு" என்று இருந்துவிடுவேன். மருத்துவ ஆராய்ச்சிக்கு ரத்தமோ எச்சிலோ கொடுக்கப் போகிற யாராவது இதைப் படித்தால் போதும். என்னென்ன கவனிக்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வரும் பரம்பரை நோய் இருக்கிறது. அப்பாவுக்கு இருந்தது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர சரிபாதி வாய்ப்பு. எனக்கு வந்துவிட்டது, ஸ்கேனில் தெரிந்தது. அக்கா ஸ்கேனே எடுக்கவில்லை. "வரும்போது பாத்துக்கறேன், இப்பவே தெரிஞ்சு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கணுமா?" என்பாள். அது அவள் உரிமை. இந்தப் பதிவில் இதுதான் முக்கியம், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் செக்கப்புக்குப் போகும் பெரிய மருத்துவமனையோடு ஒரு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பெயர் சொல்லப் போவதில்லை, கேட்காதீர்கள். டாக்டர் அறையை விட்டு வெளியே வரும்போது அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண் வந்து பேசினார். எதிரில் உட்காராமல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். முதலில் சாம்பிள் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அப்பா எத்தனை வருஷம் டயாலிசிஸில் இருந்தார் என்று கேட்டார், பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அப்புறம், "நீங்க குடுக்கறது நாளைக்கு யாரோ ஒருத்தரோட குழந்தைக்கு உதவும் மேடம்" என்றார். நான் அங்கேயே கரைந்துவிட்டேன். அதில் பொய்யும் இல்லை. நான் சாப்பிடும் டோல்வாப்டான் மாத்திரை இந்த நோயின் வேகத்தைக் குறைக்கும் என்று 2012-இல் வெளியான ஆய்வில்தான் தெரிந்தது. அதற்கு 1,445 நோயாளிகள் உட்பட்டார்கள். முன்பின் தெரியாத அவர்கள் கொடுத்ததில்தான் நானும் வாழ்கிறேன், அந்த மாத்திரையால் நாள் முழுக்கத் தண்ணீர் பாட்டிலும் பாத்ரூமுமாக இருந்தாலும். பதிலுக்கு நான் கொடுக்க வேண்டாமா?

டேப்லெட்டைக் கையில் கொடுத்தார். விரலால் தள்ளத் தள்ளப் பக்கம் முடியவே இல்லை. "முழுசா படிக்கணும்னு இல்ல மேடம், நான் சுருக்கமா சொல்லிடறேன்" என்றார். அவர் சொன்னது மூன்றே விஷயம். சிறுநீரக நோய் ஆய்வுக்கு மட்டும்தான். என் பெயர் எங்கேயும் போகாது, குறியீட்டு எண் மட்டும்தான். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். கடைசியில் விரலால் கையெழுத்துப் போட்டேன். கோழி கிளறியது போல இருந்தது, என் கையெழுத்து என்று நானே ஒப்புக்கொள்ள மாட்டேன். "உங்களைப் பிடிக்க முடியலைன்னா கூப்பிட ஒரு நம்பர்?" என்றார். அக்கா நம்பரைக் கொடுத்தேன்.

ஊதா மூடி போட்ட இரண்டு குழாயில் ரத்தம் எடுத்தார்கள். எச்சில்தான் பெரும்பாடு. அதற்கு முன் அரை மணி நேரம் எதுவும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாதாம். கோடு வரை வர வேண்டும், நுரை கணக்கில் சேராது. வாய் காய்ந்துபோய் ஒரு சொட்டு வரவில்லை. "கன்னத்தை வெளியிலேர்ந்து தேய்ச்சுப் பாருங்க மேடம்" என்று அந்தப் பெண்ணே சொல்லிக்கொடுத்தார். தேய்த்துத் தேய்த்துத் துப்பினேன். இரண்டு குழாய் ரத்தம், ஒரு குழாய் எச்சில்.

நான்கு மாதம் கழித்து, போன வாரம் அக்கா கூப்பிட்டாள்.

"ஏன்டி, என் நம்பரை யார்கிட்ட குடுத்தே?"

நான் கேள்வியேபடாத ஒரு நிறுவனத்திலிருந்து அவளை அழைத்திருக்கிறார்கள். "உங்க தங்கை ஏற்கெனவே பங்கேற்றிருக்காங்க, குடும்பத்தில் மற்றவர்களையும் சேர்த்தால் பலன் அதிகம், நீங்க டெஸ்ட் பண்ணிட்டீங்களா?" என்று கேட்டிருக்கிறார்கள். எந்த நோய் என்பது வரைக்கும் சொல்லியிருக்கிறார்கள். அவள் அப்போது ஆபீஸ் லிஃப்டில் நாலு பேரோடு நின்றிருந்தாளாம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்கு இருக்கான்னு அவங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். தெரியாதுதான். ஆனால் அவள் மரபணுவில் எந்த இடத்தில் எந்தப் பிழையைத் தேட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும், அதை நான்தான் கொடுத்தேன். அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் மையத்துக்கு போன் செய்தேன். அந்தப் பெண் வேலையை விட்டுவிட்டாராம். இன்னொருவர், "இது டேட்டா பிரிவுல கேக்கணும் மேடம்" என்றார். டேட்டா பிரிவில், "உங்க பங்கேற்பாளர் எண் சொல்லுங்க" என்றார்கள். எனக்கு யாரும் எண் தரவில்லை, படிவத்தின் நகலும் தரவில்லை. பெயரையும் பிறந்த தேதியையும் சொன்னேன். அதற்கு வந்த பதிலை அப்படியே எழுதுகிறேன்: "பேரை வச்சுத் தேட முடியாது மேடம், உங்க தனியுரிமையைப் பாதுகாக்கத்தான் அப்படி வச்சிருக்கோம்." முன்பின் தெரியாத கம்பெனிக்கு என் பெயர், என் நோய், என் அக்கா நம்பர் எல்லாம் கிடைக்கும். என் ரத்தத்தைத் தேடி நான் போனால் மட்டும் பூட்டு!

நான்காவது அழைப்பில் படிவத்தின் நகலை மெயிலில் அனுப்பினார்கள். பத்தொன்பதாம் பக்கத்தில் இருக்கிறது: எதிர்காலத்தில் எந்த ஆய்வுக்கும், வணிக நிறுவனங்கள் உட்பட எந்தக் கூட்டாளிக்கும் கொடுக்கலாம், தொடர்பு விவரங்கள் உட்பட. பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம், அதில் டிக். அந்த டிக்கை நான் போடவில்லை, ஏற்கெனவே போட்டே வைத்திருந்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018-இல் நடைமுறைக்கு வந்த தகவல் பாதுகாப்புச் சட்டத்தில், முன்கூட்டியே டிக் போட்ட கட்டம் சம்மதம் ஆகாது என்று தெளிவாகவே இருக்கிறது. சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. கொடுக்க எனக்கு ஒரு விரல் போதுமாக இருந்தது. விலக ஆறு போன், மூன்று மெயில்.

நேற்று வந்த மெயில் இதுதான்: மீதமிருக்கும் சாம்பிளை அழித்துவிடுவார்களாம். ஏற்கெனவே பகிர்ந்த தகவலைத் திரும்பப் பெற இயலாதாம். "அறிவியலுக்கு உங்கள் பங்களிப்புக்கு நன்றி." இரண்டு குழாய் ரத்தம், ஒரு குழாய் எச்சில் போயே போய்விட்டது.

ராத்திரி தூக்கம் வராமல் தேடித் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் கிராண்ட் கேன்யனில் வாழும் ஹவாசுபாய் பழங்குடி மக்கள் 1990-களில் சர்க்கரை நோய் ஆய்வு என்று நம்பி ஒரு பல்கலைக்கழகத்துக்கு ரத்தம் கொடுத்திருக்கிறார்கள். அதை மனச்சிதைவு நோய், நெருங்கிய உறவுக்குள் பிள்ளை பெறுவது, அவர்கள் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்பது வரை எல்லாவற்றுக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள். வழக்குப் போட்டு 2010-இல் சமரசம் ஆனது. அவர்களுக்காவது மிச்ச ரத்தம் திரும்பக் கையில் கிடைத்தது.

"பேரை எடுத்துட்டோம்" என்பதும் பெரிய பாதுகாப்பு இல்லை. 2013-இல் ஒரு ஆய்வுக் குழு, பெயர் நீக்கிப் பொதுவில் வைத்திருந்த மரபணுத் தகவலை எடுத்து, வம்சாவளி இணையதளங்களில் குடும்பப் பெயரைத் தேடி, வயதையும் மாநிலத்தையும் சேர்த்துப் பார்த்தே ஏறக்குறைய 50 பேரை அடையாளம் கண்டது. அதே வருஷம் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் செல்களின் முழு மரபணு வரிசையைக் குடும்பத்தைக் கேட்காமல் இணையத்தில் போட்டு, எதிர்ப்பு வந்ததும் எடுத்தார்கள். 1951-இல் அவரைக் கேட்காமல் எடுத்து, ஆய்வகங்களில் இன்றுவரை வளர்த்துவரும் செல்கள் அவை. 62 வருஷம் கழித்து அவர் பேரப்பிள்ளைகள் தலையில் வந்து விடிந்திருக்கிறது. என் அக்கா விஷயமும் அதுதானே? கையெழுத்து ஒருத்தியுடையது, மாட்டிக்கொள்வது குடும்பம்.

சரி, விவரமாக எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். இப்போது அதற்குத் தெம்பு இல்லை, தோன்றுவதைச் சொல்கிறேன். வாயால் சொல்வதை நம்பாதீர்கள், படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்க நேரம் கேளுங்கள். தரமாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். "எதிர்கால ஆய்வு", "கூட்டாளிகள்" என்ற இரண்டு வார்த்தைகளைத் தேடுங்கள், டிக் இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். நகலும் உங்கள் எண்ணும் கையில் வராமல் கையை நீட்டாதீர்கள். ஆராய்ச்சி முறையாக நடக்கிறதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் முகவரி படிவத்தில் இருக்கும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பரம்பரை நோய் என்றால் கூடப் பிறந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். நான் கேட்கவில்லை.

இன்னொரு நம்பர் கேட்டால் உங்கள் நம்பரையே இரண்டு தடவை எழுதுங்கள்.