குழாய் பொருத்தப் பழகுவோருக்கு எந்தக் கருவி: நேர்ப்பார்வையா, கேமராவா?

மூச்சுக்குழாய்க்குள் செயற்கைச் சுவாசக் குழாயைச் செலுத்தப் பழகும் மருத்துவர் முதலில் எந்தக் கருவியைக் கையில் எடுப்பது என்ற கேள்வி, 2022-இல் இராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்ட பிறகு, இந்தக் கடற்கரைக்கும் உரியதாகிவிட்டது.

நேர்ப்பார்வைக் கருவியில், மயக்கவியல் மருத்துவர் மெக்கிண்டாஷ் 1943-இல் அறிமுகப்படுத்திய வளைந்த தகடு, நாக்கை ஒதுக்கிக் குரல்வளை மூடியை உயர்த்தி, கண்ணுக்கும் குரல்நாணுக்கும் இடையே நேர்க்கோட்டை உண்டாக்குகிறது. தகட்டிலுள்ள கேமராவின் காட்சியைத் திரையில் காட்டும் வீடியோ லாரிங்கோஸ்கோப்புக்கு அந்த நேர்க்கோடு தேவையில்லை. அமெரிக்காவில் 1,417 நோயாளிகளிடம் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், முதல் முயற்சியிலேயே குழாய் சேர்ந்தது கேமராவில் 85.1 விழுக்காடு, நேர்ப்பார்வையில் 70.8 விழுக்காடு, அதில் குழாயிட்டவர்களுள் பெரும்பாலோர் பயிற்சி நிலையில் இருந்தவர்களே. உடன் நிற்கும் ஆசிரியரும் அதே திரையைப் பார்த்துத் திருத்தலாம் என்பது கற்பித்தலில் சிறிய லாபமன்று.

ஆயினும், பாம்பன் பக்கம் கடலில் மூழ்கியவரைக் கொண்டுவரும்போது வாய் நிறைய நுரையும் உப்புநீரும் வாந்தியும் இருக்கும். லென்ஸில் ஒரு துளி படிந்தால் திரை வெறும் மங்கல்தான். அப்போது உறிஞ்சுகுழாயால் துடைத்துக்கொண்டே நேராகப் பார்க்கும் பழக்கமும், குரல்வளை மூடி மட்டும் தெரிந்தால் அதன் அடியில் பூஜி எனும் வளையக்கூடிய மெல்லிய வழிகாட்டிக் குச்சியை நுழைத்து, மூச்சுக்குழாய் வளையங்கள் தட்டுப்படுவதை விரலால் உணரும் பழக்கமும் காப்பாற்றும். மாறாக, கட்டுவிரியன் தீண்டி மூச்சுத்தசைகள் தளர்ந்தவரிடம் பெரும்பாலும் கேமராவே எளிது.

கேமராவிலும் வகை உண்டு. மிகுதியாக வளைந்த தகட்டில் குரல்நாண் படம்போலத் தெரிந்தாலும், அதே வளைவுள்ள ஸ்டைலட் (குழாய்க்குள் செருகும் விறைப்பான கம்பி) இல்லாமல் குழாய் உள்ளே திரும்ப மறுக்கும்; புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். ஆகவே, திரை மங்கினால் வெறுங்கண்ணாலும் பார்க்க இடம்தரும் மெக்கிண்டாஷ் வடிவக் கேமராத் தகட்டில் தொடங்கி, சில நாள்கள் திரையை ஆசிரியர் பக்கம் திருப்பிவைத்துப் பழகுவதே என் தேர்வு. குரல்வளைக்கு மேல் அமரும் முகமூடிக் குழாயை, இரண்டும் கைவிடும் நேரத்துக்கெனத் தனியே பழக வேண்டும்.

எந்தக் கருவியானாலும், குழாய் உணவுக்குழாயில் விழவில்லை என்பதற்குக் வெளிவிடும் மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடை அளந்து காட்டும் கேப்னோகிராஃபின் அலையே சாட்சி. இராமேசுவரத்திலிருந்து மதுரைக்கு ஏறத்தாழ 170 கி.மீ.; ஆம்புலன்ஸில் குழாய் நழுவினால் முதலில் தெரிவிப்பதும் பெரும்பாலும் அந்த அலைதான்.