போனிலா, நேரிலா?

1973-ல் நியூயார்க் போலீஸ் பிணைக்கைதி மீட்புப் பேச்சுக்குத் தனிக்குழு அமைத்தது. பிணைக்கைதிகளைப் பிடித்து வைத்திருப்பவனிடம் போனில் பேசுவதா, நேரில் பேசுவதா என்பதில் குழப்பம் இன்றும் உண்டு.

பாதுகாப்பு: போனில் பேசுபவர் குண்டு எட்டாத இடத்தில் இருக்கலாம். நேரில் என்றால் மறைவு, கவசம், பின்வாங்க வழி மூன்றும் வேண்டும்.

துணை: போனில், பக்கத்தில் இரண்டாமவர் ஹெட்செட்டில் கேட்டபடியே துண்டுச்சீட்டு நீட்டுவார்: “மகளைப் பற்றிச் சொன்னான், அதைப் பிடி.” பேசுபவர் உடனே, “மகள்?” என்று மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இருப்பார். மீதியை அவனே கொட்டுவான். வாசலில் நின்று நேரில் பேசும்போது இந்த வசதி குறைவு.

கவனிப்பு: நேரில் கை நடுக்கம் தெரியும். போனில் குரலும் மூச்சும்தான்.

கோளாறு: அவன் செல்போனில் சார்ஜ் தீரும், சொந்தக்காரர்கள் குறுக்கிடுவார்கள். அதனால்தான் தனி லைன் போனை உள்ளே அனுப்புகிறார்கள்.

துப்பாக்கி இருந்தால் போன்தான். குதிக்கப் போவதாகப் பாலத்தின் விளிம்பில் நிற்பவரிடம் நேரில், இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு.