பாலக்கோட்டிலிருந்து போகிறோம்: கல்லீரல் கிளினிக் பற்றி

என் வீட்டுக்காரருக்கு மஞ்சள் காமாலை பி கிருமியால் கல்லீரல் சுருங்கி 6 வருடம் ஆகிறது. முன்பு வயிற்றுக்கு ஒரு டாக்டர், சர்க்கரைக்கு ஒருவர், முட்டிவலிக்கு இன்னொருவர். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. முட்டிக்குக் கொடுத்த வலி மாத்திரையைப் பத்து நாள் சாப்பிட்டார். வயிறு பானை மாதிரி ஏறி, சிறுநீர் குறைந்துபோனது. கல்லீரல் சுருங்கியவர்களுக்கு அந்த மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று அப்புறம்தான் தெரிந்தது.

ஒரு வருடமாக தருமபுரி நான்கு ரோடு பக்கம் உள்ள கிளினிக்குக்குப் போகிறோம். டாக்டர் நல்லவர்தான், ஆனால் நான் சொல்ல வந்தது அங்குள்ள நர்ஸம்மாவைப் பற்றி. முதல் நாளே எல்லாச் சீட்டையும் வாங்கி ஒரே நோட்டில் எழுதினார். அட்டையில் சிவப்பு மையில் 'வலி மாத்திரை கூடாது'. வேறு என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டார். நாத்தனார் கொடுத்த சூரணத்தைத் தயங்கித்தான் சொன்னேன். திட்டவில்லை, அதையும் எழுதிக்கொண்டு டாக்டரிடம் சொல்லி நிறுத்தச் சொன்னார்.

தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும், வாரத்தில் 2 கிலோ ஏறினால் உடனே கூப்பிட வேண்டும். பங்குனியில் அப்படி ஏறியது. போன் செய்தேன், மறுநாளே ரத்தம் எடுத்துப் பார்த்து நீர் மாத்திரையைக் கூட்டினார்கள். படுக்கையில் சேர்க்காமலே வயிற்றில் சேர்ந்த நீர் வடிந்தது. பகலெல்லாம் தூங்கி, பேச்சு குழறினால் தாமதிக்காமல் தூக்கிக்கொண்டு வரவும் சொல்லியிருக்கிறார். மலச்சிக்கல் வந்தால் மூளை குழம்புமாம். அதனால் தினம் இரண்டு மூன்று முறை வெளிக்குப் போகிற அளவுக்கு சிரப்.

களியை நிறுத்தச் சொல்லவில்லை, ஊறுகாயைத்தான் நிறுத்தினார்கள். ராத்திரி பட்டினியாகப் படுத்தால் சதை கரையும் என்று, படுக்கும் முன் ஒரு டம்ளர் ராகிக் கூழ்.

புற்று வந்தால் சிறிதாக இருக்கும்போதே பிடிக்க 6 மாதத்துக்கு ஒரு ஸ்கேன். தேதியை நாங்கள் மறந்தாலும் அவர் மறப்பதில்லை. பிள்ளைகளுக்கும் ரத்தம் பார்த்து, அந்த பி கிருமிக்கான தடுப்பூசி 3 தவணையும் போட வைத்தவர் அவர்தான்.

வாய் வழியாகக் குழாய் விட்டு உள்ளே பார்க்கும் எண்டோஸ்கோப்பிக்கு மட்டும் சேலம் போக வேண்டும். கடிதம் தயாராகக் கொடுத்துவிடுகிறார்கள், சரி. ஆனால் கழிப்பறை மாடியில் இருக்கிறது. நீர் மாத்திரை போட்டுக்கொண்டு, கால் வீங்கி வருகிறவர்கள் படியேறுவது பார்க்கப் பாவமாக இருக்கிறது. கீழே ஒன்று கட்டுங்கள் என்று போன தடவை கேட்டுவிட்டு வந்திருக்கிறேன்.