பாலக்காட்டில் பிறந்தநாளுக்கு பிரைவேட் தியேட்டர் புக் பண்ணுகிறவர்கள் கவனத்துக்கு

4,200 ரூபாய் கட்டி, ஒரு துப்பறியும் கதையைக் குற்றவாளி யாரென்றே தெரியாமல் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள் எங்கள் பிள்ளைகள். எனக்குக் கொதிப்பு இன்னும் அடங்கவில்லை.

சோபா போட்டு, பலூன் கட்டி, கேக் வெட்டிப் படம் பார்க்கச் சின்ன அறைகளை வாடகைக்கு விடுகிறார்களே, டவுனில் அப்படி ஒரு இடம். கொழிஞ்சாம்பாறையிலிருந்து மகளின் பிறந்தநாளுக்குப் போனோம். அவள் ஆசைப்பட்ட படம் ஜூட்டோபியா என்கிற டிஸ்னி கார்ட்டூன். முழுப் படமும் ஓடுமா என்று போனிலேயே கேட்டேன். "ஃபுல் மூவி தன்னெ சேச்சி, டென்ஷன் வேண்டா" என்றான் அங்கே புக்கிங் எடுக்கிற பையன். அவ்வளவு உறுதியாகச் சொன்னதால்தான் 4,200 ரூபாயையும் அப்போதே ஜிபேயில் அனுப்பினேன். படம் 108 நிமிடம். ஸ்லாட் ஒன்றரை மணி நேரம்தான், கேக்கும் போட்டோவும் அதற்குள்ளேயே அடக்கம் என்பதை அங்கே போய் நின்ற பிறகுதான் சொன்னார்கள்.

2016இல் வந்து ஆஸ்கர் வாங்கிய படம் அது. முயல் போலீஸ் ஜூடியும், ஏமாற்றிப் பிழைக்கும் நரி நிக்கும் காணாமல் போன ஒரு நீர்நாயைத் தேடுகிறார்கள். வண்டி நம்பரை விசாரிக்கப் போகிற ஆபீஸில் வேலை பார்ப்பதெல்லாம் ஸ்லாத்துகள், மரத்தில் தொங்கிக்கொண்டு ரொம்ப மெதுவாக நகருமே, அந்த மிருகம். அவசரமாக வந்தவர்கள் முன்னால் ஒவ்வொரு சொல்லாக இழுத்து இழுத்துப் பேசும். இங்கிலீஷே தெரியாத என் மாமியார் கண்ணில் நீர் வரச் சிரித்தார். வழக்குக்கு வேண்டிய துப்பும் அந்தச் சிரிப்புக்குள்ளேயே கிடைக்கிறது, அதுதான் இந்தப் படத்தின் பலம். குறையும் உண்டு. மிருகங்கள் திடீரென்று வெறி பிடித்துப் பாயும் இடத்தில் சின்னதுகள் மடியில் ஏறிவிட்டன. காணாமல் போனவர்கள் நடுவிலேயே கிடைத்துவிடுவார்கள். அப்புறம் பத்திரிகையாளர் கூட்டம், மனஸ்தாபம் என்று கொஞ்சம் இழுக்கும். இதற்கெல்லாம் பின்னால் யார் என்கிற முடிச்சைக் கடைசி வரை வைத்திருந்து, குற்றவாளியின் வாயாலேயே மளமளவென்று கொட்ட வைத்துவிடுகிறார்கள். நான் முன்பே பார்த்ததால் எனக்குத் தெரியும். பிள்ளைகளுக்கு?

முயலும் நரியும் பிரிகிற இடத்தில் பட்டென்று லைட்டைப் போட்டார்கள். திரை நீலமானது. துடைப்பத்தோடு ஒருவர் உள்ளே வந்து பலூன்களை ஒதுக்க ஆரம்பித்துவிட்டார். தலையில் கூம்புத் தொப்பியோடு, "அம்மா, யாரு பண்ணுனது?" என்று கேட்கிறாள் என் மகள்.

பையனிடம் கேட்டால், "காணாதாயவரெ கிட்டியல்லோ சேச்சி, கத கழிஞ்ஞு" என்கிறான்! காணாமல் போனவர்கள் கிடைத்தாச்சாம், கதை முடிந்ததாம். கதையில் பாதி முடிச்சு அங்கேதானே விழுகிறது? மேனேஜருக்குப் போன் போட்டேன். "நோக்காம்", அதாவது பார்க்கலாம் என்றார். மறுபடி போட்டால், "மீட்டிங்கிலாணு." வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. கடைசியில் சொன்னார்: காசு டெக்கரேஷனுக்குத்தானாம், படம் ஃப்ரீயாம். நாலு பலூனுக்கும் ஒரு சீரியல் லைட்டுக்குமா 4,200 ரூபாய்?

புக் பண்ணுகிறவர்களுக்கு அவசரமாக இவ்வளவுதான் சொல்ல முடிகிறது. ஸ்லாட் எத்தனை நிமிடம், படம் எத்தனை நிமிடம் என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். முழுப் பணத்தையும் முன்னாலேயே கேட்டால் கொடுக்காதீர்கள். பில் கேளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நான் அதில் புகார் பதிந்துவிட்டேன், 4,200 ரூபாயும் திரும்பி வரும் வரை விடப்போவதில்லை.