நெல்லை வெயிலுக்கும் காற்றுக்கும் எந்தத் தண்டவாளம்? மூன்று மாதிரி ரயில் ட்ராக், ஒரு மதிப்பீடு

மாதிரி ரயில் செட் வாங்கும்போது கண் போவது பெட்டி மேல் அச்சடித்த இன்ஜின் படத்தின் மேல்தான். அந்தச் செட் ஒரு வருஷம் கழித்தும் ஓடுமா, பரணில் ஏறிவிடுமா என்பதைத் தீர்மானிப்பது அடியில் கிடக்கும் தண்டவாளமும் சுவரில் செருகும் அடாப்டரும். இன்ஜினை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம். தண்டவாளத்தை ஒரு கம்பெனியில் தொடங்கிவிட்டால் அதிலேயேதான் நீட்டிக்கொண்டு போக வேண்டும், ஒன்றோடு ஒன்று லேசில் சேராது.

அதனால் இங்கே தண்டவாளத்தைத்தான் எடுத்துக்கொள்கிறோம். காட்டோ யூனிட்ராக், பிக்கோ ஏ-ட்ராக், பேச்மன் ஈ-இசட் ட்ராக். மூன்றிலும் (பிக்கோவில் படுகையோடு விற்கும் வகையில்) ஜல்லி போலப் பிளாஸ்டிக் படுகை உண்டு, துண்டு துண்டாகச் செருகி, வேண்டாதபோது கழற்றி அடுக்கலாம். பாளையங்கோட்டையில் வாடகை வீட்டில் இருப்பவருக்கு இதுதான் சரி. படுகை இல்லாத ட்ராக்கைத் தரையில் போட்டால், கூந்தல் முடியும் துணிப் பஞ்சும் இன்ஜின் பல்சக்கர கிரீஸில் போய்ச் சுற்றிக்கொள்ளும்.

அளவு தெரியாதவர்களுக்கு: எச்ஓ ஸ்கேல் என்றால் 87ல் ஒரு பங்கு, தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. என்-ஸ்கேல் 160ல் ஒரு பங்கு, இடைவெளி 9 மி.மீ. காட்டோவில் இரண்டும் கிடைக்கும். பிக்கோ ஏ-ட்ராக் எச்ஓவுக்கு மட்டும். பேச்மனை இங்கே எச்ஓவில் மட்டும் பார்க்கிறோம்.

முதலில் உலோகம், ஏனென்றால் நம் ஊரில் பாதி வழக்கு அதிலேயே முடிந்துவிடும். பேச்மன் இரண்டு விதமாக விற்கிறது. கருப்புப் படுகை என்றால் ஸ்டீல் தண்டவாளம், சாம்பல் படுகை என்றால் நிக்கல் சில்வர். படத்தில் படுகையின் நிறத்தைப் பார்த்தாலே போதும். ஸ்டீல் துருப்பிடிக்கும். திருச்செந்தூர், உவரி, கூடங்குளம் பக்கம் உப்புக்காற்றில் அதை வைத்து மல்லுக்கட்ட முடியாது. கடலை விட்டு உள்ளே வந்தாலும் குற்றாலச் சாரல் எட்டும் தென்காசி, செங்கோட்டையில் இதே கதைதான். மேல்புறத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்யலாம், இரண்டு துண்டுகளை இணைக்கும் ஜாயினருக்குள் பிடிக்கும் துருவை என்ன செய்ய? மின்சாரம் கடப்பது அங்கேதான். கருப்புப் படுகை இலவசமாக வந்தாலும், சவத்த தூக்கிப் போடுங்க. காட்டோவும் பிக்கோவும் நிக்கல் சில்வர். செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை. அதுவும் அழுக்காகும், ஆனால் துடைத்தால் சரியாகிவிடும்.

அடுத்தது அடாப்டர். கடையநல்லூர், மேலப்பாளையம் வீடுகளில் ரயில் செட் பெரும்பாலும் கடல் தாண்டிய சொந்தக்காரர் பெட்டியில்தான் வருகிறது. துபாய், லண்டன் என்றால் நம் வோல்டேஜ்தான், பட்டைக்கால் பிளக்குக்கு ஒரு கன்வர்ஷன் பிளக் போதும். ஜெர்மனிச் செட்டும் அப்படியே, அந்த உருண்டைக் கால் பிளக் நம் சாக்கெட்டில் கொஞ்சம் தளர்வாக உட்காரும், அவ்வளவுதான். அமெரிக்கச் செட் 120 வோல்ட், ஜப்பான் செட் 100 வோல்ட். நேராக 230ல் செருகினால் ஒரு நொடியில் வாடை வரும். அடாப்டரின் முதுகில் இன்புட் என்ற வரியைப் படியுங்கள். 100–240 என்றிருந்தால் கவலையில்லை. 120 மட்டும் என்றிருந்தால் அவுட்புட் வரியைப் பாருங்கள். அது டிசி என்றால் அதே வோல்ட், அதே ஆம்பியர், அதே பிளஸ்–மைனஸ் உள்ள 230 வோல்ட் அடாப்டரை ஜங்ஷன் பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் கடையில் வாங்கிவிடலாம். ஏசி என்றால் அந்தக் குறுக்குவழி வேண்டாம். 230–110 ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர், 100 விஏ போதும், ஆனால் காயில் சுற்றிய நிஜ டிரான்ஸ்ஃபார்மராக இருக்க வேண்டும். பயணிகளுக்கென்று விற்கும் கையடக்க கன்வர்ட்டர் ஹீட்டர் மாதிரிச் சாமான்களுக்கானது, இதற்கு ஆகாது.

இணைப்பு விஷயத்தில் காட்டோவை மற்ற இரண்டோடு ஒரே தட்டில் வைக்க முடியாது. அதன் யூனிஜாயினர் பிளாஸ்டிக் கூட்டுக்குள் உலோகத் தகடு வைத்தது, செருகும்போது ‘கிளிக்’ என்று பிடிக்கும். படுகைகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடிப்பதால் தரை மேடுபள்ளத்தில் தண்டவாளம் ஏறி இறங்காது. பலமுறை கழற்றி மாட்டித் தளர்ந்துவிட்டால் ஜாயினரை மட்டும் பெயர்த்துவிட்டுப் புதிது போடலாம், தனிப் பாக்கெட்டாக விற்கிறார்கள். கழற்றும்போது நேர்க்கோட்டில் இழுக்க வேண்டும். பக்கவாட்டில் முறுக்கினால்தான் கூடு விரியும்.

மற்ற இரண்டிலும் மின்சாரத்தைக் கடத்துவது பழைய மாதிரி மெல்லிய உலோக ஜாயினர். கண்ணால் பார்க்காமல் தள்ளினால் தண்டவாள அடி ஜாயினருக்குள் போகாமல் அதன் மேல் ஏறிக்கொள்ளும். பார்வைக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும், வண்டி மட்டும் அதே இடத்தில் குதிக்கும். ஒவ்வொரு இணைப்பின் மேலும் நகத்தை ஓட்டுங்கள். நகம் தட்டினால் கழற்றி மறுபடி போடுங்கள். தளர்ந்த ஜாயினரை மூக்குக் குறடால் லேசாக நெருக்கலாம், அதிகம் நெருக்கினால் அடுத்த துண்டு நுழையாது.

வளையத்தின் எதிர்ப்பக்கம் வண்டி மெதுவாகிறது என்றால் இன்ஜினைத் திட்ட வேண்டாம். ஒவ்வொரு ஜாயினரிலும் கொஞ்சம் கொஞ்சமாக வோல்டேஜ் கசிந்துகொண்டே போகிறது. 1.5 முதல் 2 மீட்டருக்கு ஒரு ஃபீடர், அதாவது தண்டவாளத்துக்கு மின்சாரம் கொண்டுவரும் ஒயர் இணைப்பு, கொடுங்கள். மேஜைக்கு அடியில் 1 சதுர மி.மீ. மல்டிஸ்ட்ராண்ட் ஒயர் சிவப்பும் கருப்புமாக ஓடட்டும், அதிலிருந்து மேலே 0.5 சதுர மி.மீ. காட்டோவில் ஒயரோடு வரும் ஜாயினரே கிடைக்கிறது, சோல்டரிங் தேவையில்லை. மற்றவற்றில் 25 வாட் அயர்ன், 60/40 ஈயம். தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தை உரசிச் சுத்தம் செய்துவிட்டு 2, 3 நொடியில் வைத்து எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் அடியில் உள்ள பிளாஸ்டிக் குறுக்குக்கட்டை உருகி இடைவெளி மாறிவிடும். இருபுறமும் ஈரப் பஞ்சு வைத்துக்கொண்டால் சூடு பரவாது.

வளைவுதான் அடுத்த கண்டம். நம் ரயில்வேயின் புது மாதிரி எல்எச்பி பயணிகள் பெட்டி 23.5 மீட்டர், எச்ஓவில் 27 செ.மீ. பழைய ஐசிஎஃப் பெட்டி 24.5 செ.மீ. பெட்டி நீளத்தைப் போல் இரண்டரை மடங்காவது வளைவின் ஆரம் இருந்தால்தான் நம்பி ஓட்டலாம் என்பது அனுபவக் கணக்கு. எல்எச்பிக்கு அது 67.5 செ.மீ. செட்களில் வருவதோ பேச்மனில் 457 மி.மீ., பிக்கோவில் பெரும்பாலும் 422 மி.மீ. இதில் குட்டை டேங்க் இன்ஜினும் சரக்கு வேகன்களும் அழகாகப் போகும். நீளப் பெட்டியை ஏற்றினால் நடுவயிறு உள்பக்கம் பிதுங்கும், கொக்கி இழுத்துக் கடைசிப் பெட்டி கவிழும். பிக்கோவின் 546 மி.மீ. வளைவைத் தனியாக வாங்குவது மேல். காட்டோவில் 550, 610, 670, 730 என்று 60 மி.மீ. இடைவெளியில் அடுக்கடுக்காகப் போகிறது. இரட்டைப் பாதை போட நினைப்பவருக்கு இந்த ஒழுங்கு பெரிய உதவி.

ஆனால் மேஜை? கடையில் வாங்கும் 8க்கு 4 பிளைவுட்டின் அகலம் 1220 மி.மீ. காட்டோவின் 610 வளைவே 1220ஐத் தின்றுவிடும், படுகைக்கு இடமில்லை. 550தான் பொருந்தும். ஒரு முழு வட்டத்துக்கு 22.5 டிகிரித் துண்டு 16, பக்கத்துக்கு 246 மி.மீ. நேர்த்துண்டு 5 வீதம் 10, அதில் ஒன்று ஃபீடர். ஓரத்தில் 3 செ.மீ. மிஞ்சும், பாதை நீளம் கிட்டத்தட்ட 6 மீட்டர். அந்த 3 செ.மீ. ஓரத்தில் ஒரு தடுப்புச் சட்டம் அடிக்காமல் ஓட்டாதீர்கள், மொசைக் தரையில் விழுந்த இன்ஜின் பிழைப்பதில்லை.

இடம் குறைவென்றால் என்-ஸ்கேல்தான் எங்கள் பரிந்துரை, அதிலும் காட்டோவைத் தவிர வேறு யோசிக்க வேண்டாம். பிளைவுட் கூட வேண்டாம், மரக்கடையில் 30 அங்குலத்துக்கு 78 அங்குலம் ஃப்ளஷ் டோர் ஒன்று வாங்குங்கள். வளையாது, கட்டில் மேல் வைத்து ஓட்டிவிட்டுச் சுவரில் சாய்த்துவிடலாம். 315 மி.மீ. வளைவு 45 டிகிரித் துண்டு 8, 248 மி.மீ. நேர்த்துண்டு பக்கத்துக்கு 4. சுமார் 4 மீட்டர் பாதை. உள்ளே 282 வளைவில் இரண்டாம் பாதையும் 33 மி.மீ. தள்ளி அதே நேர்த்துண்டுக் கணக்கில் அமையும். 2023 செப்டம்பரில் திருநெல்வேலி–சென்னை வந்தே பாரத் 8 பெட்டியோடு தொடங்கியதே, அந்த அளவு ரயில் என்-ஸ்கேலில் 1.2 மீட்டர்தான். எச்ஓவில் 2.2 மீட்டர் வரும், 6 மீட்டர் வளையத்தில் அது தன் வாலைத் தானே துரத்துவது போல இருக்கும்.

காட்டோவிலும் குறை உண்டு. என்-ஸ்கேலின் 4ஆம் நம்பர் பாயிண்டில் (பாதை இரண்டாகப் பிரியும் துண்டு) அசையும் நாக்கு பக்கத் தண்டவாளத்தோடு ஒட்டி உட்காராமல், எதிரே வரும் சக்கரம் அதன் நுனியில் முட்டி ஏறிவிடுவது பலரும் சொல்லும் பிரச்சினை. நுனியை ஊசி அரத்தால் கத்தி போல் சரித்து, அது உட்காரும் இடத்தில் லேசாகக் காடி எடுத்தால் சரியாகும். அரம் பிடிக்கத் தெரியாதவர்கள் 6ஆம் நம்பரையே வாங்கலாம், 186 மி.மீ. நீளம், வளைவும் தாராளம். 6ஆம் நம்பரில் பாயிண்ட் திரும்பியிருக்கும் பக்கம் மட்டுமே மின்சாரம் போகும். பக்கப் பாதையில் நிற்கும் வண்டி அசையாததைப் பார்த்து இன்ஜின் போச்சு என்று திருகைக் கழற்றுபவர்கள் உண்டு. முதலில் பாயிண்டைத் திருப்பிப் பாருங்கள்.

அகல ரயில் பாதைக்காரர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். நம் 1676 மி.மீ. பாதை எச்ஓவில் 19.3 மி.மீ. வர வேண்டும், நாம் ஓட்டுவது 16.5ல். மேலேயிருந்து பார்த்தால் ஒல்லியாகத் தெரியும், பக்கவாட்டில் பார்த்தால் தெரியாது. செங்கோட்டை–கொல்லம் மலைப்பாதையை 1904ல் திறந்த காலத்து மீட்டர் கேஜாகவே செய்ய ஆசைப்படுபவருக்கு இந்த மூன்றும் உதவாது. எச்ஓவுக்கு 12 மி.மீ. இடைவெளியில் பெமோ, டில்லிக் கம்பெனிகளின் தண்டவாளம் இருக்கிறது, அதைத் தேடுங்கள்.

இனிப் பராமரிப்பு. ஆனி ஆடியில் கணவாய்க் காற்று குற்றாலத்தில் சாரலைப் போட்டுவிட்டு நம் பக்கம் வெறும் புழுதியாகத்தான் வந்து சேர்கிறது. ஓட்டாத நேரம் பிளாஸ்டிக் படுதாவால் மூடுங்கள். பழைய வேட்டி வேண்டாம், பஞ்சு உதிரும். பல்லி எச்சம் காய்வதற்குள் எடுத்துவிட வேண்டும். உப்புத்தாள் போடவே கூடாது, அது விடும் கீறலில்தான் அடுத்த அழுக்கு குடியேறும். பெயிண்ட் கடை மினரல் டர்பன்டைனை வெள்ளைத் துணியில் தொட்டுத் துடைத்து, காய்ந்த துணியால் மறுபடி துடைத்தால் கருப்பு சீக்கிரம் திரும்பாது. ஜன்னலைத் திறந்து வைத்து, நெருப்புப் பக்கம் போகாமல் செய்யுங்கள், இன்ஜினின் ரப்பர் டயரில் படவிடாதீர்கள். அச்சுக்குத் தையல் மிஷின் எண்ணெய் ஊசி முனையில் ஒரு பொட்டு. தேங்காய் எண்ணெய் பிசுக்காகி இறுகிவிடும்.

வெயிலுக்கு ஒரு கணக்கு. 3 மீட்டர் நிக்கல் சில்வர் 15 டிகிரி ஏறினால் முக்கால் மி.மீ. நீளும், பிளாஸ்டிக் படுகை அதைவிடப் பல மடங்கு. ஓட்டுக்கூரை மச்சிலும் தகரக் கொட்டகையிலும் இரு முனையையும் ஆணியடித்து இறுக்கினால் நடுவில் வில்லாக வளையும். நீளப் பாதையில் நடுவில் மட்டும் ஆணியடித்து, முனைகளைச் சும்மா விடுங்கள்.

பிளாஸ்டிக் படுகை பிடிக்காமல் அதன் மேல் நிஜ ஜல்லி ஒட்ட நினைப்பவர்களுக்கு: நம் ரயில்வேயின் 50 மி.மீ. ஜல்லி எச்ஓவில் அரை மி.மீ.தான். எம்-சாண்டை ரவைச் சல்லடையில் சலித்து, கழுவி, காயவைத்தால் கருங்கல் நிறம் அப்படியே வரும். கடற்கரை மணலும் தேரி மணலும் வேண்டவே வேண்டாம், நம் கரையோர மணலில் இல்மனைட் மாதிரி இரும்பு கலந்த கனிமங்கள் அதிகம். எந்த மணலானாலும் காந்தத்தை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், ஒட்டுவதெல்லாம் நாளைக்கு மோட்டார் காந்தத்தில் போய் ஒட்டும். ஃபெவிகாலில் சம அளவு தண்ணீர், ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு. பாயிண்டின் அசையும் பகுதியில் ஒரு துளியும் போகக் கூடாது. ஒட்டிய பின் கழற்றி அடுக்குவதை மறந்துவிட வேண்டியதுதான்.

புதிதாக வாங்கினால் விலையில் பேச்சுக்கு இடமில்லை. பொம்மைகளின் அடிப்படைச் சுங்கவரி 2020ல் 20லிருந்து 60 சதவீதம் ஆனது, 2023ல் 70. மாதிரி ரயிலும் அந்தத் தலைப்பில்தான் வருகிறது. அதனால் பழையது வாங்குபவர்கள் அதிகம். விற்பவரிடம் மூன்று படம் கேளுங்கள்: துண்டுகளின் முனை ஜாயினர் நெருக்கத்தில், படுகையின் அடிப்பக்கம், பாயிண்டின் நாக்கு இரு நிலையிலும். ஜாயினரில் பச்சைப் படிவமோ துருவோ தெரிந்தால் ஜாயினர் விலையைக் கழித்துக் கேளுங்கள். அடியில் ஆணித் துளையைச் சுற்றி வெடிப்பிருந்தால் அந்தத் துண்டு வேண்டாம். பாயிண்ட் எந்தப் பக்கமாவது முழுதாகத் திரும்பவில்லை என்றால், அதைக் கணக்கில் சேர்க்காமல் மிச்சத்துக்கு மட்டும் விலை பேசுங்கள்.