22 ரிங்கிட் டைமரும் நான்கு துளை எக்ஸ்டென்ஷனும்: மூன்று மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு

செந்தூலில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் மூன்றடி மீன்தொட்டி ஒன்று இருக்கிறது. நான் இரவு வேலைக்குப் போகும் வாரங்களில் அதன் விளக்கை அணைக்க அம்மாதான் எழுந்து வருவார். முழங்கால் வலியோடு அவர் சுவரைப் பிடித்து நடப்பதைக் காணப் பொறுக்காமல், புடு ஜாலான் பாசாரில் ஒரு மின்சாதனக் கடையில் சுழல் டைமரும் எக்ஸ்டென்ஷனும் வாங்கினேன். டைமர் 22 ரிங்கிட், எக்ஸ்டென்ஷன் 38. இரண்டிலும் சிரிம் (மலேசியத் தரச் சான்று நிறுவனம்) ஒட்டுவில்லை இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுத்தேன். அது இல்லாத மலிவுப் பொருளைத் தயவுசெய்து வீட்டுக்குள் விடாதீர்கள். அப்படி ஒன்றால் நாங்கள் பட்டிருக்கிறோம்.

பழைய எக்ஸ்டென்ஷனில் ஒரு துளை காலியாக இருந்தது. "சும்மாதானே இருக்கிறது" என்று அம்மா அதில் தண்ணீர்க் கெட்டிலைச் செருகினார். 2200 வாட் கெட்டில். நம் வீட்டு 230 வோல்ட்டில் அது ஏறக்குறைய 9.5 ஆம்பியர் இழுக்கும். பிளக்கில் உள்ள பியூஸ் 13 ஆம்பியர், ஆகவே அது போகவில்லை. ஆனால் சில நாட்களில் கூடத்தில் ஒரு கருகல் வாடை. பிளக்கை உருவிப் பார்த்தால் துளையைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்டிக் தேநீர் நிறத்துக்கு மாறி, ஓர் ஓரம் உருகிச் சுருண்டிருந்தது. உள்ளே இருந்த பித்தளைத் தகடு தளர்ந்து, பிளக்கின் காலை இறுகப் பிடிக்கவில்லை. தளர்ந்த இடத்தில்தான் சூடு பிறக்கிறது. அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் பியூஸ் காப்பாற்றும்; அளவான மின்சாரம் தளர்ந்த தகட்டைச் சுட்டெரித்தால் அதற்குத் தெரியாது. இதை அன்றைக்குத்தான் கண்ணால் கண்டு புரிந்துகொண்டேன்.

புதிய எக்ஸ்டென்ஷனில் பிளக் இறுக்கமாக உட்காருகிறது. உருவ இரண்டு கையும் வேண்டும். அதுவே எனக்குப் பிடித்தது. டைமரின் வட்டத் தகட்டைச் சுற்றி 96 பற்கள், ஒவ்வொன்றும் 15 நிமிடம். பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 வரை எரிய 32 பற்களை அழுத்தினேன். பொத்தான்களோடு மல்லாடும் டிஜிட்டல் டைமரை விட இது அம்மாவுக்கு எளிது. தகட்டைப் பார்த்தாலே எப்போது எரியும் என்று சொல்லிவிடுகிறார்.

டைமர் சுவரில், எக்ஸ்டென்ஷன் டைமரில். அதில் தொட்டி விளக்கு 36 வாட், தண்ணீரைக் குளிர்விக்கும் சிறு விசிறி 8 வாட், பால்கனிப் புதினாவுக்கான விளக்கு 20 வாட். மொத்தம் 64 வாட், கால் ஆம்பியரைச் சற்றே தாண்டும். நான்காவது துளையை டேப் ஒட்டி மூடிவிட்டேன். கெட்டில், இஸ்திரிப் பெட்டி, சோற்றுப் பானை எதுவும் இதில் வரக் கூடாது. ஆள் இல்லாத நேரத்தில் தானாகச் சூடேறும் பொருளை டைமரில் மாட்டுவது ஆபத்து. டைமரின் முதுகில் 13 என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் 2 என்று போட்டிருப்பதையும் கவனியுங்கள். மோட்டார் போன்ற சாதனங்களுக்கு அது 2 ஆம்பியர்தான் தாங்கும் என்று பொருள்.

நீர் வடிகட்டியையும் காற்றுப் பம்பையும் இதில் சேர்க்கவில்லை. அவை வேறு சுவர் சாக்கெட்டில் இரவும் பகலும் ஓடுகின்றன. வடிகட்டி நின்றால் அதில் வாழும் நல்ல நுண்ணுயிர்கள் காற்றின்றிச் சாகும், பிறகு மீன்கள். எல்லா ஒயர்களும் சாக்கெட்டை விடத் தாழ்வாக ஒருமுறை தொங்கி மேலே ஏறுமாறு விட்டிருக்கிறேன். ஒயர் வழியாக வழியும் தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், பிளக்கை எட்டாது. கடந்த வாரம் தண்ணீர் மாற்றும்போது அந்த வளைவில் ஒரு சொட்டு திரண்டு கீழே விழுந்ததைப் பார்த்தேன். மனம் நிம்மதியாயிற்று.

குறை ஒன்று உண்டு. மின்தடை வந்தால் தகடும் நின்றுவிடும். போன மாதம் 40 நிமிடம் மின்சாரம் போனது; அன்று முதல் விளக்கு 10.40 வரை எரிந்தது. மூன்று நாள் கழித்துத்தான் கவனித்துத் திருப்பி வைத்தேன். இடி மின்னல் ஓயாத கோலாலம்பூரில் மாதம் ஒருமுறையாவது தகட்டைக் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அப்படியே பிளக்கின் மேல் உள்ளங்கையை வைத்தும் பாருங்கள். மூன்று மாதமாக எங்களுடையது வெதுவெதுப்பாகக்கூட ஆகவில்லை.

சாமி மேடை விளக்கையும் இதிலேயே மாட்டச் சொன்னார் அம்மா. அது மாலை 6.30-க்கு எரிய வேண்டும், தொட்டி விளக்கோ 2 மணிக்கே எரிகிறது. ஒரு டைமருக்கு ஒரு நேரம்தான். அதற்கென்று இன்னொன்று வாங்க இந்தச் சனிக்கிழமை மறுபடி ஜாலான் பாசார் போகிறேன்.