கோடு இங்கிலீஷ் மாதிரி படிக்கணுமா? கோபோல் வழி, எக்ஸெல் வழி, பைத்தான் வழி: நாங்க எதை எடுத்தோம், ஏன்

மொத்த வியாபாரக் கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக் குடுத்து மெயின்டெய்ன் பண்றது தான் எங்க வேலை. டிஸ்கவுன்ட் ரூல் மாறும்போதெல்லாம் கடைக்காரங்க எங்களைக் கூப்பிட்டு, நாங்க கோடை மாத்தி அனுப்பிக்கிட்டு இருந்தா ரெண்டு பக்கமும் கட்டுப்படியாகாது, அதனால அக்கவுன்ட்ஸ் பாக்குறவங்களே ரூல் எழுதிக்கிற மாதிரி ஒரு சின்ன மொழி போட்டுக் குடுத்துரலாம்னு முடிவாச்சு. அந்த மொழியோட சிண்டாக்ஸ், அதாவது எழுதுற முறை, எப்படி இருக்கணும்ங்கறதுல தான் எங்களுக்குள்ள வாதம் ஓடுச்சு. முழுக்க இங்கிலீஷ் வாக்கியமாவே இருக்கட்டும், கோபோல், ஆப்பிள்ஸ்கிரிப்ட்ங்கற புரோகிராமிங் மொழிங்க மாதிரின்னு சிலர். எக்ஸெல் ஃபார்முலா எல்லாருக்கும் தெரியும், அதையே குடுத்துருவோம்னு சிலர். நான் கேட்டது பைத்தான்ங்கற புரோகிராமிங் மொழியோட வழி, அதாவது கணக்குக்குக் குறியீடு, லாஜிக்குக்கு மட்டும் 'இஃப்', 'அன்ட்', 'ஆர்', 'நாட்', 'இன்'னு கொஞ்சம் வார்த்தை. கடைசில எடுத்தது அதைத் தான். அதனால இது நடுநிலையான அலசல்னு சொல்ல மாட்டேன், ஆனா மத்த ரெண்டையும் உக்காந்து பாத்துட்டுத் தான் சொல்றேன்.

எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயத்தை சீக்கிரம் முடிச்சுர்றேன். வார்த்தை வெச்சா படிக்க சுலபம், டைப் பண்ண நீளம். குறியீடு வெச்சா சின்னதா இருக்கும், பழகுற வரைக்கும் கஷ்டம். டைப் பண்ற நேரத்தைப் பத்தி நான் கவலையே படல, எடிட்டர்ல ஆட்டோகம்ப்ளீட் இருக்கு.

முழு வாக்கியம் கேட்டவங்க பக்கமும் நியாயம் இல்லாம இல்ல. 1950கள்ல கம்ப்யூட்டர் விஞ்ஞானி கிரேஸ் ஹாப்பர் ஃப்ளோமேட்டிக்ங்கற மொழியைச் செஞ்சப்போ இதே காரணத்தைத் தான் சொன்னாங்க, கணக்கு எழுதுறவங்க, மேனேஜருங்க இவங்களுக்கெல்லாம் குறியீடு ஒத்துவராது, இங்கிலீஷ்ல குடுங்கன்னு. அதுல இருந்து 1959ல ஆரம்பிச்சு வந்தது தான் கோபோல். 'மல்டிப்ளை ரேட் பை குவான்டிட்டி கிவிங் அமவுன்ட்'னு எழுதலாம், யார் படிச்சாலும் புரியும். ஆனா அதே கோபோல்லயே 'கம்ப்யூட்'னு ஒரு ஸ்டேட்மென்ட் இருக்கு, அதுல கூட்டல் கழித்தல் குறி போட்டு ஒரே வரில கணக்கை முடிச்சுரலாம். ரேட்டை அளவால பெருக்கி, தள்ளுபடியைக் கழிச்சு, வரியைச் சேக்குற கணக்கை 'மல்டிப்ளை', 'சப்ட்ராக்ட்', 'ஆட்'னு மூணு வாக்கியமா எழுதினவங்களுக்கு இது ஏன் தேவைப்பட்டுச்சுன்னு சொல்ல வேண்டியதில்ல. கணக்குக்குக் குறியீடு தான் எல்லாருக்கும் தெரிஞ்ச மொழி, மூணாங்கிளாஸ்ல இருந்து பழகுறது. அக்கவுன்ட்ஸ் ஆளுக்கு பெருக்கல் குறியைப் பாத்து பயம் கிடையாது.

ஆப்பிள்ஸ்கிரிப்ட் 1993ல வந்தது, அதுக்கு முன்னாடி 1987ல ஆப்பிளோட ஹைப்பர்கார்டுங்கற சாஃப்ட்வேரோட வந்த ஹைப்பர்டாக் மொழி தான் அதுக்கு முன்மாதிரி. மேக்ல ஃபைல் ஒழுங்குபடுத்துறதுக்காக நான் இதைக் கொஞ்ச நாள் நல்லாவே பயன்படுத்தினேன். படிக்கும்போது அவ்வளவு அழகா இருக்கும், 'எவ்ரி ஃபைல் ஆஃப் ஃபோல்டர் இன்வாய்ஸஸ் ஹூஸ் நேம் கன்டெய்ன்ஸ் ஏப்ரல்', அப்படியே பக்கத்து சீட்ல இருக்கவர்கிட்ட சொல்ற மாதிரி. மேக்ல ஃபைலைக் காட்டுற ஃபைண்டர்கிட்ட இதைக் கேட்டா குடுத்துரும். சரி, நம்மகிட்ட ஒரு லிஸ்ட் இருக்கு, அதுக்கும் இதே மாதிரி 'எவ்ரி ஐட்டம் ஆஃப் மைலிஸ்ட் ஹூஸ்'னு ஆரம்பிச்சு எழுதினா எரர் வரும். 'ஹூஸ்'ங்கறது அப்ளிகேஷன் வெச்சிருக்கிற பொருளுக்குத் தான் வேலை செய்யும், சாதாரண லிஸ்டுக்குச் செய்யாது. வாக்கியத்துல எந்தத் தப்பும் இல்ல, இங்கிலீஷ் தெரிஞ்ச யாரும் இது ஏன் ஓடலன்னு படிச்சுக் கண்டுபிடிக்க முடியாது. அதே நேரத்துல 'இஸ்', 'ஈக்குவல்ஸ்', 'இஸ் ஈக்குவல் டு', சும்மா சமக்குறி, எல்லாமே செல்லும், 'த' போட்டாலும் சரி விட்டாலும் சரி. எது செல்லும் எது செல்லாதுன்னு பழகிப் பழகித் தான் தெரியணும். படிக்க முடியுது, எழுத முடியல. கீவேர்டு, அதாவது மொழி தனக்குன்னு ஒதுக்கி வெச்சிருக்கிற வார்த்தை, அதோட எண்ணிக்கையைப் பாத்தாலும் இது தெரியும்: சி மொழியோட 1989 ஸ்டாண்டர்டுல 32, இப்போ இருக்கிற பைத்தான்ல 35, கோபோல்ல 300க்கு மேல.

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றேன், எங்களுக்கு முடிவு பண்ணிக் குடுத்தது இது ஒண்ணு தான். ஒரு ரூலை எழுதுறது ஒரு தடவை, அதைத் திருத்துறது பல தடவை, அதுவும் எழுதின ஆள் வேலையை விட்டுப் போனப்புறம் வேற யாரோ திருத்துவாங்க. அப்போ அந்த வரியைப் படிச்சா என்ன தோணுதோ அதைத் தான் மெஷினும் செய்யணும். வார்த்தை அதிகமாக ஆக, இது ரெண்டும் விலகுற வாய்ப்பும் அதிகமாகுது. எங்க ரூலையே எடுத்துக்குங்க: அரிசி, பருப்பு தவிர மத்த சரக்குக்கு 3 சதவீதம் தள்ளுபடி. கோபோல்ல இதை 'இஃப் ஐட்டம் நாட் ஈக்குவல் ரைஸ் ஆர் டால்'னு எழுதலாம், கோடை மெஷினுக்கு மொழிபெயர்க்கிற கம்பைலர் ஏத்துக்கும். படிக்கிறவங்க அரிசியும் இல்ல பருப்பும் இல்லன்னு எடுத்துப்பாங்க. கோபோல் அதை 'ஐட்டம் அரிசி இல்ல, அல்லது ஐட்டம் பருப்பு இல்ல'ன்னு விரிச்சுக்கும். அரிசிங்கறது பருப்பு கிடையாதே, அதனால கண்டிஷன் சரி. பருப்புங்கறது அரிசி கிடையாதே, அதுவும் சரி. ஆக எல்லாச் சரக்குக்கும் தள்ளுபடி போயிரும், எந்த எரரும் வராது, மாசக் கடைசில லாபம் குறைஞ்சிருக்கேன்னு பாக்குறப்போ தான் தெரியும்.

இதுல பைத்தானும் சுத்தம் கிடையாது, அதை மறைச்சுப் பேசக் கூடாது. 'இஃப் ஐட்டம் == ரைஸ் ஆர் டால்'னு அரிசி, பருப்பு பேரை மேற்கோளுக்குள்ள போட்டு எழுதினா பைத்தான் கேக்காம ஓட்டும், ரெண்டாவது பக்கம் வெறும் பேரா நிக்குது, காலியா இல்லாத ஸ்ட்ரிங்னா, அதாவது எழுத்துக் கோர்வைன்னா, உண்மைன்னு எடுத்துக்கும், அதனால எப்பவுமே உண்மை. பைத்தான் புதுசா படிக்கிற பசங்க கிட்டத்தட்ட எல்லாரும் இதுல ஒரு தடவை விழுவாங்க. எக்ஸெல் இந்த இடத்துல மேல், 'ஆர்' ஃபங்ஷனுக்குள்ள கண்டிஷனுக்குப் பதிலா வெறும் எழுத்தைக் குடுத்தா வேல்யூ எரர் காட்டி நின்னுரும்.

அதனால நாங்க பைத்தான்ல இருந்து உருவத்தை மட்டும் எடுத்துக்கிட்டு இந்தக் கதவை அடைச்சோம். எங்க மொழில 'ஆர்', 'அன்ட்' ரெண்டுக்கும் இடது பக்கமும் வலது பக்கமும் முழு கண்டிஷன் இருக்கணும், வெறும் பேர் நின்னா ரூலை சேவ் பண்ணவே விடாது, "இதுக்கு இன் போட்டு எழுதுங்க"ன்னு அந்த வரியை 'ஐட்டம் இன் (ரைஸ், டால்)'னு மாத்திக் காட்டும். வேணாம்னா 'நாட் இன்'. சிண்டாக்ஸ் முடிவாகுறதுக்கு முன்னாடி மூணு வழிலயும் ஒரே ரூலை பேப்பர்ல பிரிண்ட் போட்டு ஒரு கடைல அக்கவுன்ட்ஸ் பாக்குற அக்காகிட்ட குடுத்து, இதுல சர்க்கரையையும் சேக்கணும் எப்படிச் சேப்பீங்கன்னு கேட்டோம். வாக்கிய வழில இருந்ததுல அவங்க பேனாவை வெச்சுக்கிட்டு யோசிச்சாங்க, "இங்க ஆர் போடணுமா அன்ட் போடணுமா தம்பி, ரெண்டுமே சரியாத் தான் தெரியுது"ன்னாங்க. பைத்தான் வழில அடைப்புக்குறிக்குள்ள இருந்த லிஸ்ட்ல ஒரு கமா போட்டு சர்க்கரையை எழுதிட்டு அடுத்த பேப்பரைக் கேட்டாங்க. எனக்கு அதுக்கு மேல வாதம் பண்ண எதுவும் இல்லாமப் போச்சு. லிஸ்ட்ங்கறது அவங்க தினமும் கையாளுற விஷயம், 'நாட்'டும் 'ஆர்'ரும் சேர்ந்து வர்ற வாக்கியம் தான் யாருக்கும் தெளிவா இல்லாதது, இங்கிலீஷ் நல்லாத் தெரிஞ்சவங்களுக்கும் சேத்துத் தான் சொல்றேன்.

பைத்தானே இந்த அளவுக்கு வந்து நின்னது தற்செயல் இல்ல. அதுக்கு முன்னாடி ஆம்ஸ்டர்டாம்ல சிடபிள்யூஐ ஆராய்ச்சி நிலையத்துல ஏபிசின்னு ஒரு மொழி இருந்துச்சு, புரோகிராமர் இல்லாதவங்களுக்காகவே செஞ்சது, குவிடோ வான் ராசம் அதுல வேலை பாத்தவர். ஏபிசில ஒரு வேரியபிளுக்கு மதிப்பு குடுக்கணும்னா 'புட் 5 இன் எக்ஸ்'. அவர் 1991ல பைத்தானை வெளியிட்டப்போ 'புட் இன்'னை விட்டுட்டு சமக்குறியை எடுத்துக்கிட்டாரு, ஆனா வரியை உள்ள தள்ளி எழுதுற இன்டென்டேஷனையும் கோலனையும் ஏபிசில இருந்து அப்படியே வெச்சுக்கிட்டாரு. அப்புறம் 2006ல 2.5 வந்தப்போ சி-ல இருக்கிற கேள்விக்குறி, கோலன் போட்டு எழுதுற கண்டிஷனைக் கொண்டுவராம 'இஃப்', 'எல்ஸ்' வார்த்தையாலயே கொண்டுவந்தாங்க. எங்கெங்க வார்த்தை உதவும், எங்கெங்க குறியீடு போதும்னு ஒவ்வொரு இடமா பாத்துப் பிரிச்சிருக்காங்க. எங்க பட்டியலும் இதே மாதிரி தான் அமைஞ்சுது: கூட்டல், பெருக்கல், பெருசு, சிறுசு, எல்லாம் குறி. சேர்க்கிறது, விலக்குறது, பட்டியல்ல இருக்கான்னு கேக்குறது, எல்லாம் வார்த்தை.

முழுக் குறியீட்டு வழியை, அதாவது சி, ஜாவா மாதிரி அன்ட், ஆர், நாட்டுக்குப் பதிலா '&&', '||', '!' எல்லாம் வெச்சு எழுதுறதை யாருமே எங்க ஆபீஸ்ல கேக்கல, புரோகிராமர் இல்லாதவங்களுக்கு இது சரிவராதுன்னு எல்லாருக்கும் தெரியும். இதுக்கு ஆராய்ச்சியும் இருக்கு. 2013ல ஆன்ட்ரியாஸ் ஸ்டெஃபிக்கும் சூசனா சீபெர்ட்டும் வெளியிட்டதுல, முதல் தடவை கோடு எழுதுறவங்களுக்கு பெர்ல், ஜாவா மாதிரி சிண்டாக்ஸ் குடுத்தா, கீவேர்டை எல்லாம் கண்டபடி மாத்தி வெச்ச ஒரு போலி மொழியை விட அவங்க பெருசா எதுவும் சரியா எழுதல, பைத்தான், ரூபி, குவோரம் மூணுலயும் நல்லா எழுதினாங்க. 'ஃபார்'ங்கற வார்த்தையை விட 'ரிப்பீட்' தான் அவங்களுக்கு சுலபமா புரிஞ்சுதுன்னும் அதுல வந்துச்சு. ஆக வார்த்தை உதவுது, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா இந்தச் சோதனை புதுசா எழுத ஆரம்பிக்கிறவங்களைப் பத்தினது, எழுதின ரூலை நாலு வருஷம் கழிச்சு இன்னொருத்தர் திருத்துறதைப் பத்தினது இல்ல.

வார்த்தை வெக்குறதுன்னு முடிவு பண்ணினா ஒரு வார்த்தைக்கு ஒரே வேலை தான் குடுக்கணும், இதுல நான் ரொம்பப் பிடிவாதம். ரூபில 'அன்ட்'டும் இருக்கு '&&'வும் இருக்கு, ரெண்டுக்கும் முன்னுரிமை, அதாவது எதை முதல்ல கணக்குப் போடணும்ங்கறது, வேற. 'எக்ஸ் = ட்ரூ அன்ட் ஃபால்ஸ்'னு எழுதினா எக்ஸ்ல ட்ரூ தான் உக்காரும், '&&' போட்டா ஃபால்ஸ். பெர்ல்லயும் இதே கதை. பைத்தான்ல 'இஸ்' படிக்க இனிமையா இருக்கும், ஆனா அது மதிப்பு சமமான்னு பாக்காது, ரெண்டும் மெமரில ஒரே பொருளான்னு பாக்கும். அதனால எங்க மொழில 'இஸ்'ஸே கிடையாது. டேட்டாபேஸ்ல தேடுற மொழியான எஸ்க்யூஎல்ல இருந்து 'பிட்வீன்' எடுத்துக்கலாம்னு ஒருத்தர் சொன்னாரு, அளவுக்கு எடுத்துக்கிட்டோம், தேதிக்கு எடுத்துக்கல. காரணம் தெரிஞ்சது தான்: 'பிட்வீன் ஏப்ரல் 1 அன்ட் ஏப்ரல் 30'னு கேட்டா ரெண்டு முனையும் சேரும், ஆனா தேதியோட நேரமும் சேத்து சேமிச்சிருந்தா ஏப்ரல் 30ங்கறது அந்த நாள் பிறக்குற ராத்திரி 12 மணியோட நின்னுரும், அன்னைக்குப் பகல்ல போட்ட பில் ஒண்ணு கூட வராது.

எக்ஸெல் வழிக்குக் கொஞ்சம் கம்மியாத் தான் இடம் குடுத்திருக்கேன்னு தெரியும். எங்க ஆளுங்களுக்கு ஏற்கனவே கை பழகினது, எரர் காட்டுறதும் நேர்மையா காட்டுது. 'இஃப்'க்குள்ள 'இஃப்', அதுக்குள்ள 'அன்ட்'னு போய் கடைசில நாலு அடைப்புக்குறியை எண்ணி மூட வேண்டியிருக்குன்னு தான் விட்டோம். ரூல் ஒரே வரில முடியுற மாதிரி இருந்தா நான் எக்ஸெல் பக்கமே போயிருப்பேன்.

முழு வாக்கிய வழி எங்கயுமே ஆகாதுன்னு சொல்லல. இன்ஃபார்ம் 7ன்னு கதை விளையாட்டு எழுதுறதுக்கு 2006ல வந்த மொழி இருக்கு, 'த கிச்சன் இஸ் எ ரூம்'னு எழுதினா அது தான் கோடு. அதை நான் படிச்சுப் பாத்ததோட சரி, பெருசா எதுவும் எழுதினதில்ல, ஆனா எழுதுறவங்களே கதாசிரியரா இருக்கிற இடத்துல அது பொருந்தும்னு நினைக்கிறேன். கோபோல்லயும் என் அனுபவம் அடுத்தவங்க எழுதினதைத் திருத்தினது தான், பேங்க்ல வருஷக்கணக்கா அதுலயே இருக்கவங்க வேற மாதிரி சொல்லலாம்.

இன்னொண்ணும் மனசுல ஓடுது. எங்க ரூல் எழுதுறவங்களுக்கு இங்கிலீஷ் ஆபீஸ் மொழி தான், வீட்டு மொழி இல்ல. எழில்னு தமிழ்ல ஒரு புரோகிராமிங் மொழி இருக்கு, அதுல கண்டிஷன் முன்னாடி வந்து 'ஆனால்' பின்னாடி வரும், நாம பேசுற வரிசைல. எங்க அஞ்சாறு வார்த்தையையும் தமிழ்ல குடுத்துப் பாக்கணும்னு ஆசை இருக்கு, ரூலைப் படிச்சுப் புரிஞ்சுக்கிற பார்சர்ல அதுக்கு இடம் விட்டுத் தான் எழுதியிருக்கோம். இப்போதைக்குக் கடைகள்ல ஓடுறது 'இன்', 'நாட் இன்' வெச்ச வெர்ஷன், அதுல அடுத்து சேக்கப் போறது புது வார்த்தை எதுவும் இல்ல, ரூலைத் திருத்தினதும் போன மாச பில்லுக்கு அது என்ன தள்ளுபடி குடுத்திருக்கும்னு பக்கத்துலயே போட்டுக் காட்டுற ஒரு டேபிள்.